ஆக்சிஜன் சென்சார்: மாற்றுவதற்கு முன் அது சொல்வதைக் கேளுங்கள் – முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் ஜூரோங் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது டாஷ்போர்டில் அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. எட்டு வயதான ஜப்பான் கார். சிஓஇ, அதாவது கார் வைத்திருக்கும் உரிமைச் சான்று, முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஒரு பட்டறையில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, ஆக்சிஜன் சென்சார் இரண்டையும் மாற்ற வேண்டும், கையோடு புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் மாற்றிவிடலாம் என்று 1,800 வெள்ளிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் போனேன். அவர் குறியீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“தம்பி, சாட்சிக்காரன் கால்ல விழறதவிட சண்டைக்காரன் கால்ல விழறது மேல்னு சொல்லுவாங்கல்ல? இந்த சென்சார் வெறும் சாட்சி. சண்டை வேற எங்கயோ நடக்குது.”

அன்று கடைசியில் மாற்றியது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்தச் சாட்சி எப்படிப் பேசுகிறது, எப்போது அதை நம்பலாம், எப்போது அதுவே கெட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இது. மின்சாரக் கார் வாங்கிவிட்டவர்கள் காப்பி குடிக்கப் போகலாம், உங்கள் வண்டியில் புகைக்குழாயே கிடையாது.

முதலில், அது என்ன செய்கிறது

வீட்டு கேஸ் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று சரியாகக் கலந்தால் நீலச் சுடர். காற்று குறைந்தால் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். எஞ்சினிலும் இதே கதைதான். ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இந்த விகிதத்தை லாம்டா 1 என்பார்கள். காற்று கூடினால் ‘லீன்’, பெட்ரோல் கூடினால் ‘ரிச்’.

விகிதம் இவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டிய அவசியம் எஞ்சினைவிட கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குத்தான் அதிகம். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் அது எரித்து முடிக்க வேண்டும். அதே நேரத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கவும் வேண்டும். ஒன்றுக்கு ஆக்சிஜன் தேவை, மற்றதற்கு ஆக்சிஜன் இருந்தால் இடைஞ்சல். இரண்டும் சேர்ந்து நடப்பது லாம்டா 1-ஐ ஒட்டிய ஒரு குறுகலான இடைவெளியில் மட்டும். கலவையை அந்த இடைவெளிக்குள் நிறுத்தி வைக்க, புகையை மோந்து பார்த்து எஞ்சின் கணினிக்குச் சொல்ல ஒரு மூக்கு தேவைப்பட்டது. பாஷ் நிறுவனம் உருவாக்கிய அந்த மூக்கு 1976-இல் அமெரிக்கச் சந்தைக்கான வோல்வோ கார்களில் முதன்முதலாக வந்தது.

உள்ளே இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். விரல் நுனி அளவில் ஒரு சிறு தொப்பி மாதிரி இருக்கும். அதன் வெளிப்பக்கம் புகை, உட்பக்கம் சாதாரணக் காற்று, இரு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறியதும் ஆக்சிஜன் அயனிகள் இந்தப் பீங்கானுக்குள் நகரத் தொடங்கும். இரு பக்கத்து ஆக்சிஜன் அளவில் வித்தியாசம் பெரிதாக இருந்தால் மின்னழுத்தம் ஏறும். புகையில் ஆக்சிஜன் அநேகமாக இல்லையென்றால் 0.9 வோல்ட் வாக்கில் வரும், நிறைய மிச்சமிருந்தால் 0.1 வோல்ட்டுக்கு இறங்கும். நடுக்கோடு 0.45 வோல்ட். ஆக, எண் கூடினால் ரிச், குறைந்தால் லீன். முதல் தடவை படிப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்வார்கள், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு விஷயத்தை இங்கேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த மூக்குக்குத் தெரிந்த வாசனை ஆக்சிஜன் மட்டுமே, பெட்ரோலை அது பார்ப்பதே இல்லை. ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் சரியாகப் பொறி விடவில்லை என்று வையுங்கள். பெட்ரோலும் எரியாது, காற்றும் எரியாது, இரண்டும் அப்படியே குழாய்க்கு வந்து சேரும். சென்சார் ஆக்சிஜனைப் பார்த்து ‘லீன்’ என்று சொல்லும். கணினி அதை நம்பி இன்னும் பெட்ரோல் ஊற்றும். சாட்சி பொய் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னது. அதை வைத்து வந்த தீர்ப்புதான் தப்பு.

எங்கே இருக்கிறது, எத்தனை வகை

சாதாரண நான்கு சிலிண்டர் காரில் இரண்டு இருக்கும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் இருப்பது சென்சார் 1, பின்னால் இருப்பது சென்சார் 2. முன்னது கலவையைத் திருத்த. பின்னது பெரும்பாலும் கன்வர்ட்டர் வேலை செய்கிறதா என்று மேற்பார்வை பார்க்க. வி6 எஞ்சினில் இரு வரிசைக்கும் தனித்தனிக் குழாய் இருந்தால் நான்கு வரும். அப்போது ‘பேங்க் 1’ என்பது முதல் சிலிண்டர் இருக்கும் வரிசை. அது இடப்பக்கமா வலப்பக்கமா என்பது காருக்குக் கார் மாறும்.

முன் சென்சார் பல புதிய கார்களில் ‘வைட்பேண்ட்’ வகை. பழைய வகை ‘ரிச்’, ‘லீன்’ என்று இரண்டே வார்த்தைதான் பேசும், வைட்பேண்ட் எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று அளந்து சொல்லும். டொயோட்டா கார்களில் இதைக் காற்று-எரிபொருள் சென்சார் என்றே தனிப் பெயரில் அழைப்பார்கள். உங்கள் காரில் எது இருக்கிறது என்று தெரியாமல் சோதனையில் இறங்காதீர்கள், ஒன்றின் நல்ல அளவு மற்றதற்குக் கோளாறாகத் தெரியும்.

படி 1: விளக்கைப் பாருங்கள்

நிலையாக எரிந்தால் பதற்றம் வேண்டாம், வீடு போய்ச் சேரலாம். மினுக்கி மினுக்கி எரிந்தால் கடுமையான மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். ஓரங்கட்டி நிறுத்துங்கள். இழுவை வண்டிச் செலவு கன்வர்ட்டர் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

படி 2: குறியீட்டை எடுங்கள், அழிக்காதீர்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி செருகி (எஞ்சின் கணினியோடு பேசும் இடம்) இருக்கும். புளூடூத் அடாப்டர் ஒன்றும் கைப்பேசியில் ஒரு செயலியும் போதும். வரும் குறியீட்டை எழுதி வையுங்கள். கூடவே ‘ஃபிரீஸ் ஃபிரேம்’ என்று ஒன்று பதிவாகியிருக்கும்: விளக்கு எரிந்த நொடியில் வேகம், எஞ்சின் சூடு, சுழற்சி எவ்வளவு என்ற விவரம். நிறையப் பேர் முதல் வேலையாகக் குறியீட்டை அழித்து விளக்கை அணைத்துவிடுகிறார்கள். இந்த விவரமும் அதோடு சேர்ந்து போய்விடும்.

குறியீடுகளை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை. பி0135, பி0141 போன்றவை சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரைப் பற்றியவை. முன்னது சென்சார் 1, பின்னது சென்சார் 2. இங்கே சந்தேகம் நேராகச் சென்சார் மேலும் அதன் வயர், ஃபியூஸ் மேலும்தான். பி0133 என்றால் முன் சென்சார் மெதுவாகப் பதில் சொல்கிறது, வயதாகியிருக்கலாம். மூன்றாவது கூட்டத்தில்தான் பணம் வீணாகிறது: பி0171 கலவை லீன், பி0172 கலவை ரிச், பி0420 கன்வர்ட்டரின் திறன் குறைவு. இந்த மூன்றிலும் சென்சார் கெட்டது என்று கணினி எங்கேயும் சொல்லவில்லை. சென்சார் சொன்ன புகாரைத்தான் அது வழிமொழிகிறது. எனக்கு வந்தது பி0171.

படி 3: லைவ் டேட்டா (செயலியில் ஓடும் எண்கள்)

எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். தேக்காவுக்குப் போய் வருகிற தூரம் போதும். பிறகு கார் நின்ற நிலையில் எஞ்சின் சுழற்சியை நிமிடத்துக்கு 2,500 வாக்கில் பிடித்துக்கொண்டு பாருங்கள்.

முன் சென்சார் பழைய வகை என்றால் 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் ஊஞ்சல் மாதிரி விடாமல் ஆட வேண்டும். பத்து நொடியில் பல தடவை நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். சோம்பலாக ஆடினாலோ நடுவிலேயே தூங்கினாலோ சந்தேகம். வைட்பேண்ட் என்றால் ஊஞ்சலை எதிர்பார்க்காதீர்கள், செயலியில் லாம்டா மதிப்பைப் பாருங்கள், 1-ஐ ஒட்டி நிற்க வேண்டும். பின் சென்சார் இதற்கு நேர்மாறு: 0.6, 0.7 வோல்ட் வாக்கில் அமைதியாக இருந்தால் கன்வர்ட்டர் நன்றாக இருக்கிறது.

எனக்குப் பிடித்த சோதனைக்கு இந்த அடாப்டரையும் செயலியையும் தவிர வேறு கருவி வேண்டாம். நெரிசல் இல்லாத நேரத்தில் விரைவுச்சாலையில் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுங்கள். அந்தச் சில நொடிகளுக்குக் கணினி பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும், குழாயில் வருவது வெறும் காற்று. பழைய வகை சென்சார் உடனே பூஜ்யத்தை ஒட்டி விழ வேண்டும், வைட்பேண்டில் லாம்டா எகிற வேண்டும். மறுபடி அழுத்தி மிதித்தால் எதிர்ப்பக்கம் போக வேண்டும். இரண்டு பக்கமும் சுறுசுறுப்பாகப் போய் வருகிற சென்சாரைப் பெரும்பாலும் நம்பலாம். திரையைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், நீங்கள் சாலையைப் பாருங்கள். வாடகைக் கார் ஓட்டும் என் மச்சானுடையது ஹைபிரிட். அதில் நின்ற இடத்தில் எஞ்சினை நம் விருப்பத்துக்கு ஓட வைக்க முடியாது. ஓடும்போது பதிவு செய்து பிறகு பார்ப்பதுதான் எளிது.

படி 4: டிரிம் எண்கள், உண்மையான வாக்குமூலம்

ஒரே ஒரு படி மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். சென்சார் சொல்வதைக் கேட்டுக் கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது. அந்தத் திருத்தம்தான் ‘ஃபியூயல் டிரிம்’. குறுகிய காலத் திருத்தம், நீண்ட காலத் திருத்தம் என்று இரண்டு எண். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டல் 10-க்கும் கழித்தல் 10-க்கும் உள்ளே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. கூட்டல் 20, 25 சதவீதம் என்று ஏறினால் கணினி லீன் கலவையைச் சமாளிக்கத் திணறுகிறது என்று அர்த்தம்.

ஒரு தடவை பார்த்தால் போதாது. எஞ்சின் ஓட, கார் சும்மா நிற்கும்போது (ஐடில்) ஒரு முறை, 2,500 சுழற்சியில் ஒரு முறை, முடிந்தால் மேட்டில் ஏறும்போது ஒரு முறை. ஐடிலில் திருத்தம் மிக அதிகமாக இருந்து, சுழற்சி ஏற ஏறக் குறைந்தால் எஞ்சின் எங்கேயோ திருட்டுக் காற்றை உறிஞ்சுகிறது. ஐடிலில் உள்ளே போகும் காற்று கொஞ்சம்தான், அதனால் சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரியும். வேகம் கூடினால் மொத்தக் காற்றில் அது ஒரு பொருட்டில்லை. இதற்கு மாறாக ஐடிலில் சரியாக இருந்து, பாரம் ஏறும்போது திருத்தம் கூடினால் பெட்ரோல் போதவில்லை: பம்ப், அடைபட்ட ஃபில்ட்டர், இன்ஜெக்டர், அல்லது அழுக்கேறிய காற்று அளவுச் சென்சார். எல்லா வேகத்திலும் கழித்தலில் நின்றால் எங்கோ பெட்ரோல் மிகுதி.

என் காரில் ஐடிலில் நீண்ட காலத் திருத்தம் 22, குறுகியது 8. 2,500 சுழற்சியில் இரண்டும் சேர்ந்து 6. அண்ணன் அந்த எண்ணைப் பார்த்ததும் ஸ்கேனரைக் கீழே வைத்துவிட்டு டார்ச்சை எடுத்தார்.

படி 5: கசிவைத் தேடுங்கள்

காற்று உள்ளே போகிற பக்கம் முதலில். காற்றைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்குப் பிறகு எஞ்சினோடு சேரும் ரப்பர் ஹோஸ்கள் ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்க்க வேண்டும். மேலே நல்லாத் தெரியும், அடிப்பக்கம் வெடித்திருக்கும். நம் ஊர் வெயிலிலும் பானட்டுக்குள் இருக்கிற சூட்டிலும் ரப்பர் பிஸ்கட் மாதிரி ஆகிவிடுகிறது. கண்ணுக்குப் படாவிட்டால் பட்டறையில் புகை செலுத்தும் கருவி இருக்கும், புகை கசியும் இடமே ஓட்டை.

அப்புறம் புகைக்குழாய்ப் பக்கம். சென்சாருக்கு முன்னால் கேஸ்கெட்டிலோ வெல்டிங்கிலோ சின்னக் கசிவு இருந்தால் புகை வெளியே போகிறது என்று மட்டும்தான் நினைப்போம். ஆனால் புகை துடிப்புத் துடிப்பாக வருவதால், இரு துடிப்புக்கு நடுவே வெளிக்காற்று உள்ளேயும் இழுக்கப்படும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து ‘லீன்’ என்னும். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் டிக் டிக் என்று சத்தம் கேட்டு, சூடானதும் மறைந்தால் இது இருக்கலாம்.

படி 6: ஹீட்டரைச் சோதியுங்கள்

ஹீட்டர் குறியீடு வந்தால் மட்டும் இது. செருகியைக் கழற்றி, சென்சார் பக்கத்தில் ஒரே நிறமுள்ள இரண்டு வயர்களுக்கு நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். பல சென்சார்களில் அவை வெள்ளை, டென்சோ நிறுவனத்துச் சென்சாரில் பெரும்பாலும் கறுப்பு. சில ஓம் காட்டினால் கம்பி உயிரோடு இருக்கிறது, சரியான அளவு காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். எல்லையற்றது என்று காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது, தாராளமாக மாற்றலாம். அதற்கு முன் ஃபியூஸைப் பார்த்துவிடுங்கள். ஃபியூஸ் போனதற்கு சென்சார் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

பி0420 வந்தால்

கன்வர்ட்டருக்குள் இருக்கும் சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனைச் சேமித்து வைத்துத் தேவைப்படும்போது விடுகிறது. அதனால்தான் முன்னால் ஊஞ்சல் ஆடினாலும் பின்னால் அமைதி. சேமிக்கும் சக்தி போனதும் பின் சென்சாரும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கும். அப்போது பின் சென்சாரை மாற்றுவதில் பயன் இல்லை. புதிய சென்சாரும் அதே ஆட்டத்தைத்தான் காட்டும். குழாய்க் கசிவு இல்லை, மிஸ்ஃபயர் இல்லை, எண்ணெய் எரியவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு கன்வர்ட்டரைப் பற்றி யோசியுங்கள். புதுக் கன்வர்ட்டர் போட்டு, பழையதைக் கெடுத்த காரணத்தைச் சரி செய்யாவிட்டால் அதுவும் கெடும். சிலர் பின் சென்சாரை ஒரு ஸ்பேசர் வைத்துத் தள்ளி, விளக்கை ஏமாற்றச் சொல்வார்கள். செய்யாதீர்கள். மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பத்தைத் தாண்டினால் வருடா வருடம் கார் பரிசோதனைக்குப் போக வேண்டும், அங்கே புகையையும் அளக்கிறார்கள்.

சென்சாரே கெட்டது என்றால், எப்படிக் கெட்டது

ஹீட்டர் உள்ள சென்சார் 1,60,000 கிலோமீட்டர் வாக்கில் உழைக்கும் என்பது பொதுவான கணக்கு. அதற்கு முன்பே போனால் யாரோ விஷம் வைத்திருக்கிறார்கள். முன்பு பெட்ரோலில் இருந்த ஈயம் முதல் எதிரி. சிங்கப்பூரில் ஈய பெட்ரோல் 1998-இல் ஒழிந்தது. இப்போது முக்கியமான எதிரி சிலிக்கான். சென்சாருக்கு ஒவ்வாத சாதாரண சிலிக்கான் பசையை எஞ்சினில் தடவியிருந்தால் அதன் ஆவி நுனியில் வெள்ளைப் பூச்சாகப் படியும். கேஸ்கெட் போய் கூலண்ட் எரிந்தாலும் நுனி வெளுக்கும். கறுப்புக் கரி என்றால் கலவை ரிச். சென்சாரைக் கழற்றியதும் நுனியைப் பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள், எஞ்சினைப் பற்றி அது ஒரு கதை சொல்லும்.

படி 7: மாற்றுவது

அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஜாக் போட்டுக் கீழே படுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். லிஃப்ட் உள்ள பட்டறையில் செய்வதுதான் நல்லது. நீங்கள் பக்கத்தில் நின்று சில விஷயங்களைக் கவனித்தால் போதும்.

பாகத்தின் எண்ணைச் சரிபாருங்கள். முன் சென்சாருக்கும் பின் சென்சாருக்கும் செருகி ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேறு. குழாய் இளஞ்சூடாக இருக்கும்போது துருவை இளக்கும் எண்ணெய் அடித்து, பக்கவாட்டில் பிளவு உள்ள 22 மில்லிமீட்டர் சாக்கெட்டால் கழற்ற வேண்டும். புதியதன் மரையில் பெரும்பாலும் பசை தடவியே வரும். இல்லையென்றால் சென்சாருக்கென்று உள்ள பசையை மரையில் மட்டும் தடவலாம், நுனியில் ஒரு துளியும் படக்கூடாது. முதல் சில சுற்றுகள் கையால். இறுக்க வேண்டிய அளவு பல கார்களில் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர், உங்கள் காரின் எண்ணைக் கையேட்டில் பாருங்கள். கீழே விழுந்த சென்சாரைப் போடாதீர்கள், பீங்கான் உள்ளே விரிசல் விட்டிருக்கும்.

வயரை வெட்டி ஒட்டும் பொது வகை சென்சாரை நான் வாங்க மாட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்று பல சென்சார்களில் வயரின் இழைகளுக்கு இடையே உள்ள இடைவெளி வழியாகத்தான் உள்ளே போகிறது. சால்டர் வைத்தாலோ, செருகியில் கிரீஸ் அப்பினாலோ அதன் மூச்சு நின்றுவிடும்.

முடிந்த பிறகு

இப்போது குறியீட்டை அழிக்கலாம். கணினி தன் சோதனைகளைத் திரும்பச் செய்ய சில நாள் ஓட்டம் வேண்டும்: குளிர்ந்த எஞ்சினில் கிளப்பியது, நகரத்து நெரிசல், விரைவுச்சாலையில் ஒரே வேகம் என்று எல்லாம் கலந்து. செயலியில் ‘ரெடினஸ்’ என்ற பகுதியில் எல்லாம் முடிந்ததாகக் காட்டும்வரை வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம்.

என் காரில் சென்சாரைத் தொடவே இல்லை. எஞ்சின் ஆவியை உறிஞ்சும் சின்ன ரப்பர் ஹோஸ் ஒன்று அடிப்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெடித்திருந்தது. ஹோஸ் 18 வெள்ளி, கூலி 40. பத்து நாள் கழித்து புளோக்குக்குக் கீழே காரை நிறுத்தி, ஐடிலில் திருத்தத்தைப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்து 3 சதவீதம். அந்த 1,800 வெள்ளிச் சீட்டு இன்னும் டாஷ்போர்டுப் பெட்டியில்தான் கிடக்கிறது.